நாவலைப் படத்துக்குக் கொடுக்கும்போது: ஒரு பாலைவனப் படமும் எட்டு வருட வழக்கும்

கேள்வி இதுதான்: "லாஸ்பேட்டையில் இருக்கிறேன். அரிக்கமேட்டில் தொடங்கி தேவனாம்பட்டினம் டேவிட் கோட்டையில் முடிகிற ஒரு புதையல் நாவல் எழுதி, அது புத்தகமாகவும் வந்துவிட்டது. சென்னைத் தயாரிப்பாளர் ஒருவர் பட உரிமை கேட்கிறார். 'திரைக்கதைக்கு நீ சரி என்று சொன்னால்தான் ஷூட்டிங் என்று எழுதி வாங்கிக்கொள்' என்கிறார்கள் நண்பர்கள். அமெரிக்காவில் ஒரு சாகச நாவலாசிரியர் அப்படி எழுதி வாங்கியும் வழக்கில் மாட்டினாராமே? படம் ஊத்திக்கொண்டால் எழுத்தாளர் வழக்குப் போட முடியுமா? எழுத்தாளர் மேல் போட முடியுமா?"

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். படம் ஓடவில்லை என்ற ஒரே காரணத்துக்காக யாரும் யார் மேலும் வழக்குப் போட்டு ஜெயிக்க முடியாது. எழுதிக் கொடுத்ததை ஒரு பக்கம் மீறியது என்றால் போடலாம். ஆனால் படம் ஓடியிருந்தால் அந்த மீறலை யாரும் கண்டுகொண்டிருக்க மாட்டார்கள். தோல்விக்குப் பிறகுதான் எல்லோரும் ஒப்பந்தத்தை எடுத்து வரி வரியாகப் படிப்பார்கள். உங்கள் நண்பர்கள் சொல்லும் அந்த ஒரு வரி, அப்படிப் படிக்கும்போது இரண்டு பக்கமும் வெட்டும். நான் அதை எழுதி வாங்கச் சொல்ல மாட்டேன். ஏன் என்று சொல்ல அந்த அமெரிக்க வழக்கே போதும்.

அந்த எழுத்தாளர் கிளைவ் கஸ்லர். 2020இல் காலமானார். டர்க் பிட் என்ற கதாநாயகனை வைத்து, கடலில் தொலைந்த கப்பல், புதையல், உலகை அழிக்கப் பார்க்கும் வில்லன் என்று எழுதித் தள்ளியவர். மூழ்கிய டைட்டானிக் கப்பலைத் தூக்குகிற அவருடைய நாவல் 1980இல் படமாகி, சுமார் 4 கோடி டாலர் செலவில் அமெரிக்காவில் 70 லட்சம் டாலர் அளவுக்குத்தான் வசூலித்தது. படத்துக்குப் பணம் போட்ட லூ கிரேட், கப்பலைத் தூக்கியதற்குப் பதில் அட்லாண்டிக் கடலை இறக்கியிருந்தால் செலவு குறைந்திருக்கும் என்று கிண்டலடித்ததாகச் சொல்வார்கள். தன் கதையைக் கெடுத்துவிட்டார்கள் என்ற கோபத்தில், அதற்குப் பிறகு இருபது வருடம் கஸ்லர் யாருக்கும் உரிமை கொடுக்கவில்லை. சூடு கண்ட பூனை.

2001இல் பிலிப் ஆன்ஷுட்ஸ் என்ற கோடீஸ்வரரின் குருசேடர் நிறுவனம் வந்தது. நாவல் ஒன்றுக்கு 1 கோடி டாலர். அதோடு, வேறு எந்த நாவலாசிரியருக்கும் லேசில் கிடைக்காத ஒன்று: திரைக்கதை, இயக்குநர், முக்கிய நடிகர்கள் எல்லாவற்றுக்கும் கஸ்லரின் சம்மதம் வேண்டும். பாலைவனத்தில் புதைந்து கிடக்கும் பழைய போர்க்கப்பலைத் தேடுகிற 'சஹாரா' நாவல்தான் முதல் படம். மேத்யூ மெக்கானஹி, பெனிலோப்பி குரூஸ் நடித்தார்கள். 2005 ஏப்ரலில் வெளியானது, முதல் வாரக் கடைசியில் வசூலில் முதலிடத்திலும் இருந்தது. ஆனாலும் உலகம் முழுக்க வந்த டிக்கெட் வசூல் ஏறத்தாழ 12 கோடி டாலர். தயாரிப்பு, விநியோகம், விளம்பரம் எல்லாம் சேர்த்துச் செலவு 24 கோடி டாலருக்கு மேல்.

வழக்கு அதற்கு முந்தின வருடமே, 2004இல், தொடங்கிவிட்டது. நான் ஒப்புக்கொள்ளாத திரைக்கதையைப் படமாக்குகிறார்கள் என்றார் கஸ்லர். நிறுவனம் எதிர்வழக்குப் போட்டது. எந்தத் திரைக்கதையைக் கொடுத்தாலும் தட்டிக்கழித்தார், தானே எழுதியதைத்தான் எடுக்க வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார், வெளியீட்டுக்கு முன்பே படத்தைப் பற்றித் தப்பாகப் பேசினார், 10 கோடிப் பிரதிகளுக்கு மேல் விற்றதாகச் சொல்லி எங்களை நம்பவைத்தார், கணக்குப் பார்த்தால் 4 கோடியே 20 லட்சம்தான் தேறுகிறது என்று அடுக்கினார்கள்.

இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும். சம்மத உரிமை என்பது எழுதும்போது எவ்வளவு சுத்தமாகத் தெரிகிறது பாருங்கள்: 'ஆசிரியர் ஒப்புக்கொள்ளும் வரை படப்பிடிப்பு கிடையாது.' ஆனால் படப்பிடிப்புக்கு என்று ஒரு தேதி இருக்கிறது. நடிகரின் கால்ஷீட் அந்த மாதத்தில்தான். மொராக்கோவில் செட் போட ஆரம்பித்தாகிவிட்டது. வங்கிக்கு வட்டி ஓடுகிறது. எழுத்தாளருக்கு இந்த எதுவும் கிடையாது. அவர் மேசையில் உட்கார்ந்து ஏழாவது வடிவத்தையும் 'சரியில்லை' என்று திருப்பி அனுப்பலாம். தயாரிப்பாளர் ஒரு கட்டத்தில், 'இவர் என்றைக்கும் சம்மதிக்கப் போவதில்லை' என்று முடிவு கட்டி கேமராவை ஓட விடுவார். அந்த நிமிடத்தில் தயாரிப்பாளர் ஒப்பந்தத்தை மீறியவர் ஆகிறார். அதே நிமிடத்தில் எழுத்தாளரும், கொடுத்த உரிமையை நியாயமாகப் பயன்படுத்தினாரா என்ற கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியவர் ஆகிறார். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் தப்புச் செய்தவர்களாக இருக்க முடியும். எத்தனை நாளில் பதில் சொல்ல வேண்டும், எத்தனை தடவை மறுக்கலாம், இழுபறியானால் யார் சொல்வது இறுதி? இந்த மூன்றும் இல்லாத சம்மத உரிமை சண்டைக்கு வெற்றிலை பாக்கு வைத்து அழைப்பதுதான்.

நடந்ததும் அதுதான். 2007இல் லாஸ் ஏஞ்சலிஸில் மாதக்கணக்காக விசாரணை. கஸ்லருக்காக பெர்ட் ஃபீல்ட்ஸ், ஹாலிவுட்டே பயந்த வக்கீல். மே மாதம் ஜூரி சொன்னது: ஒப்பந்தத்தில் நல்லெண்ணத்தோடு நடந்துகொள்ள வேண்டிய கடமையைக் கஸ்லர்தான் மீறினார், 50 லட்சம் டாலர் கொடுக்க வேண்டும். அன்றைய மதிப்பில் சுமார் 20 கோடி ரூபாய். அடுத்த வருடம் நீதிபதி, இரண்டாவது நாவலுக்கான 85 லட்சம் டாலர் சொச்சமும் அவருக்குக் கிடையாது என்றார். 2009இல் எதிர்த்தரப்பின் வக்கீல் செலவு 1 கோடியே 39 லட்சம் டாலரும் அவர் தலையில் விழுந்தது. தண்டத்தைப் போல மூன்று பங்குக்குக் கிட்டே வக்கீல் ஃபீஸ்! 2010இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்த 50 லட்சத்தை ரத்து செய்தது, அதோடு வக்கீல் செலவு உத்தரவும் போனது. அப்புறம், சரி, ஜெயித்தது யார் என்று ஒரு சுற்று. 2012 கடைசியில் வந்த தீர்ப்பு: யாரும் ஜெயிக்கவில்லை, அவரவர் வக்கீல் செலவு அவரவருக்கு.

நீங்கள் கேள்விப்பட்ட 'எழுத்தாளர் மாட்டினார்' என்பது 2007ஆம் வருடத்துச் செய்தி. முடிவு வரை போனால், தன் வக்கீல் செலவைத் தவிர அவர் எதுவும் கட்டவில்லை, வழக்கில் எதுவும் வாங்கவும் இல்லை. செய்தித்தாள்கள் முதல் தீர்ப்பைத்தான் பெரிதாகப் போடும், ஐந்து வருடம் கழித்து வரும் மேல்முறையீட்டுக்கு உள்பக்கம்கூடக் கிடைக்காது.

இன்னொன்று, நம்மூர்த் தயாரிப்பாளர்கள் கவனிக்க வேண்டியது. வழக்கில் படத்தின் செலவுக் கணக்கு முழுக்க வெளியே வந்துவிட்டது. மொராக்கோவில் 'மரியாதைத் தொகை', 'உள்ளூர் லஞ்சம்' என்று எழுதிவைத்தே கொடுத்த 2 லட்சத்து 37 ஆயிரம் டாலர், 20 லட்சம் டாலருக்கு மேல் செலவழித்து எடுத்து, படத்தில் வைக்காமலே வெட்டிப் போட்ட 46 விநாடி விமான விபத்துக் காட்சி, எல்லாம் பேப்பரில் வந்தது. கோடம்பாக்கத்தில் ஒருவர் கோர்ட்டுக்குப் போகத் தயங்குவதற்கு இந்த ஒரு காரணமே போதும் என்று நினைக்கிறேன். அது உங்களுக்குப் பேரம் பேசும்போது ஒரு பலம்.

இப்போது நம் சட்டத்துக்கு வருவோம். கலிஃபோர்னியாவில் இருப்பதுபோல 'எழுதாவிட்டாலும் உண்டு' என்கிற பொதுவான நல்லெண்ணக் கடமை நம் 1872ஆம் வருட ஒப்பந்தச் சட்டத்தில் அந்த உருவத்தில் இல்லை. அதற்காக எழுத்தாளர் தப்பித்தார் என்று இல்லை. பிரிவு 53 இருக்கிறது: பரஸ்பர வாக்குறுதி கொடுத்த இருவரில் ஒருவர் மற்றவரைச் செய்யவிடாமல் தடுத்தால், தடுக்கப்பட்டவர் ஒப்பந்தத்தையே ரத்தாக்கலாம், நஷ்ட ஈடும் கேட்கலாம். நீங்கள் கையெழுத்துப் போடாமல் இழுத்துக்கொண்டே போனால் தயாரிப்பாளரின் வக்கீல் நேரே இதைத்தான் பிடிப்பார். எவ்வளவு கேட்க முடியும் என்பது பிரிவு 73. மீறலிலிருந்து இயல்பாக வந்த நஷ்டம் கிடைக்கும், தொலைதூர நஷ்டம் கிடைக்காது. 'உங்கள் திரைக்கதையை எடுத்திருந்தால் படம் நூறு நாள் ஓடியிருக்கும்' என்பதை எந்த நீதிமன்றத்திலும் யாரும் நிரூபித்துவிட முடியாது. எழுத்தாளர் தரப்புக்கும் அதே சுவர்தான்.

உங்களுக்கு உண்மையான பலம் பதிப்புரிமைச் சட்டத்தின் 57ஆம் பிரிவில் இருக்கிறது. உரிமையை விற்ற பிறகும், இது என் படைப்பு என்று சொல்லிக்கொள்ளவும், என் பெயருக்கும் கௌரவத்துக்கும் கேடு வரும்படி சிதைத்தால் தடுக்கவும் நஷ்ட ஈடு கேட்கவும் ஆசிரியருக்கு உரிமை உண்டு. இதை நன்றாக விளக்கிய வழக்கு இந்தி எழுத்தாளர் மன்னு பண்டாரியுடையது. சாகச நாவல் இல்லை, பெற்றோர் பிரிவில் சிக்கிய ஒரு பையனின் கதை. அதைப் படமாக்கியபோது பெயர் மாறியது, பாத்திரங்கள் மாறின, முடிவு மாறியது. கீழ் நீதிமன்றம் தடை கொடுக்க மறுத்தது. 1986இல் தில்லி உயர் நீதிமன்றத்துக்குப் போனார். அங்கே இரு தரப்பும் சமரசம் ஆகிவிட்டார்கள், ஆனாலும் விஷயம் முக்கியம் என்று நீதிபதி தீர்ப்பை எழுதினார். நாவல் படமாகும்போது மாற்றம் இல்லாமல் முடியாது, இயக்குநருக்கு அந்தச் சுதந்திரம் வேண்டும், ஆனால் படத்துக்குத் தேவையான மாற்றம் வேறு, படைப்பையே அடையாளம் தெரியாமல் சிதைப்பது வேறு என்பது அதன் சாரம். சமரசத்தில் அவருக்குக் கிடைத்தது என்ன தெரியுமா? படத்தில் தன் பெயரும் நாவலின் பெயரும் இருக்கக் கூடாது என்பதுதான். ஜெர்மானிய எழுத்தாளர் மிஹாயேல் எண்டேயும் தன் நாவலின் 1984 படத்தை எதிர்த்துக் கோர்ட்டுக்குப் போய்த் தோற்றார். கடைசியில் தொடக்க டைட்டிலில் தன் பெயர் வராமல் பார்த்துக்கொண்டதுதான் மிச்சம். படத்தை நிறுத்தப் போனவர்கள் பெயரை மட்டும் மீட்டுக்கொண்டு திரும்புவது பழைய கதை. அப்படியானால் அதை முதலிலேயே கேட்டு வாங்கிவிடலாமே?

புதுச்சேரியில் இந்தப் பேச்சு வந்தால், 'பிரெஞ்சுச் சட்டத்தில் எழுத்தாளருக்கு அசைக்க முடியாத உரிமை' என்று யாராவது ஒரு பெரியவர் ஆரம்பிப்பார். பிரான்ஸில் உண்மைதான். ஹாலிவுட் இயக்குநர் ஜான் ஹூஸ்டன் எடுத்த கறுப்பு வெள்ளைப் படத்துக்கு அமெரிக்க நிறுவனம் கலர் பூசி ஒளிபரப்பப் பார்த்தபோது, அவருடைய வாரிசுகள் 1991இல் பிரான்ஸின் உச்ச நீதிமன்றத்தில் ஜெயித்தார்கள். ஆனால் 1960களிலேயே இந்தியச் சட்டங்கள் இங்கே நீட்டிக்கப்பட்டுவிட்டன. லாஸ்பேட்டையில் உட்கார்ந்து சென்னைத் தயாரிப்பாளரோடு போடும் ஒப்பந்தத்துக்கு இந்தியச் சட்டம்தான்.

சரி, நீங்கள் என்ன எழுதி வாங்க வேண்டும்? முதலில் பணம். லாபத்தில் பங்கு என்று சொன்னால் சிரித்துவிட்டு, கையெழுத்து அன்றைக்கு எவ்வளவு, பூஜை அன்றைக்கு எவ்வளவு, வெளியீட்டுக்கு முன் எவ்வளவு என்று கேளுங்கள். தமிழில் 'லாபம்' என்று கணக்குக் காட்டிய படம் எத்தனை?

அடுத்தது காலம். சட்டமே உங்களுக்குச் சில காரியங்களைச் செய்து வைத்திருக்கிறது. பதிப்புரிமைச் சட்டத்தின் 19ஆம் பிரிவின்படி, ஒப்பந்தத்தில் காலம் குறிப்பிடாவிட்டால் உரிமை மாற்றம் ஐந்து வருடத்துக்குத்தான். இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும்தான். வாங்கியவர் ஒரு வருடத்துக்குள் உரிமையைப் பயன்படுத்தாவிட்டால், வேறு விதமாக எழுதாத பட்சத்தில், அது காலாவதி. அழகான பாதுகாப்பு. ஆனால் தயாரிப்பாளரின் மேசையிலிருந்து வரும் தாளில் 'உலகம் முழுவதும், எல்லா மொழிகளிலும், இனி கண்டுபிடிக்கப்படும் எல்லா வடிவங்களிலும், நிரந்தரமாக' என்று ஒரு வரி இருக்கும். காலத்துக்கும் இடத்துக்கும் இருந்த பாதுகாப்பு அந்த ஒரே வரியில் போய்விடும். அதை அடித்துவிட்டு, மூன்று வருடத்துக்குள் படப்பிடிப்பு தொடங்காவிட்டால் உரிமை எனக்குத் திரும்பும், வாங்கிய அட்வான்ஸைத் திருப்ப வேண்டியதில்லை என்று எழுதச் சொல்லுங்கள். கஸ்லர் வழக்கை விட நம்மூரில் அதிகம் நடப்பது இதுதான்: படம் எடுத்துத் தோற்பது இல்லை, எடுக்காமலே பெட்டியில் பூட்டி வைப்பது. ஐம்பதாயிரம் அட்வான்ஸுக்கு நல்ல நாவல் ஒன்று பதினைந்து வருடம் சிறையில் கிடப்பதைப் பார்த்திருக்கிறேன்.

ரீமேக், இரண்டாம் பாகம், வெப் சீரிஸ், கதாநாயகனின் பெயர், இதெல்லாம் தனி. ஒரு படத்துக்கு ஒரு விலை. டார்ஸான் கதையில் 1931இல் எழுதிய ஒப்பந்தத்தை வைத்து, ஐம்பது வருடம் கழித்து 1981இல் எம்ஜிஎம் ஸ்டூடியோ மறுபடி படம் எடுத்தது. ஆசிரியர் பரோஸின் குடும்ப நிறுவனம் எதிர்த்தும், ரீமேக் உரிமை எம்ஜிஎம்மிடம்தான் என்று ஆகிவிட்டது. உங்கள் கதாநாயகன் அடுத்த நாவலிலும் வரப்போகிறான் என்றால் இதில் விட்டுக்கொடுக்காதீர்கள்.

திரைக்கதை விஷயத்தில் சம்மத உரிமைக்குப் பதில் ஆலோசனை உரிமை கேளுங்கள். திரைக்கதை கைக்கு வந்து பதினைந்து நாளுக்குள் எழுத்தில் கருத்துச் சொல்வேன், சொல்லாவிட்டால் சம்மதம் என்று எடுத்துக்கொள்ளலாம், இறுதி முடிவு இயக்குநருடையது. கேட்க விட்டுக்கொடுத்தது போலத்தான் இருக்கும். ஆனால் அதற்குப் பக்கத்திலேயே, 'படத்தைப் பார்த்தபின் என் பெயரையும் நாவலின் பெயரையும் டைட்டில், போஸ்டர், விளம்பரம் எல்லாவற்றிலிருந்தும் எடுக்கச் சொல்ல எனக்கு உரிமை உண்டு, அதற்காகப் பணம் குறையாது' என்று இருக்க வேண்டும். தயாரிப்பாளருக்கு இதில் ஒரு செலவும் இல்லை, அதனால் பெரும்பாலும் ஒப்புக்கொள்வார். ஒப்புக்கொண்டபின் உங்கள் நாவலின் பெயர் விளம்பரத்துக்கு வேண்டும் என்பதால் அவரே உங்களை அனுசரித்துப் போவார்.

விற்பனையைப் பற்றி வாய்க்கு வந்ததைச் சொல்லாதீர்கள். 'பத்தாயிரம் பிரதி போயிருக்கிறது சார்' என்று டீக்கடையில் சொன்னதை நாளைக்கு வாட்ஸ்அப்போடு சேர்த்துக் குறுக்கு விசாரணையில் கேட்பார்கள். பதிப்பகத்தின் ராயல்டி கணக்கு எதைச் சொல்கிறதோ அதைச் சொல்லுங்கள்.

ஒரு எச்சரிக்கை. பேச்சு முறிந்து, அதே தயாரிப்பாளர் வேறு எழுத்தாளரை வைத்து அரிக்கமேட்டில் புதையல் தேடும் படம் எடுத்தால் உடனே 'என் கதை' என்று கிளம்ப முடியாது. அரிக்கமேட்டில் ரோமானியப் பானை ஓடு கிடைத்ததும், 1758இல் பிரெஞ்சுத் தளபதி லாலி டேவிட் கோட்டையைப் பிடித்ததும் யாருக்கும் சொந்தமில்லாத சரித்திரம். கருவுக்கும் கருப்பொருளுக்கும் பதிப்புரிமை கிடையாது, அதை நீங்கள் சொன்ன விதத்துக்குத்தான் உண்டு என்று 1978இல் ஆர்.ஜி. ஆனந்த் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதனால் கதைச் சுருக்கத்தை மெயிலில் அனுப்புங்கள், தேதி நிற்கும். அப்படியும் திருடினால், வெளியீட்டுக்கு முந்தின நாள் வரை காத்திருக்காமல் டீசர் வந்த வாரமே போங்கள். 2017இல் ஓர் இந்திப் படத்துக்கு எதிராகக் கடைசி நேரத்தில் தடை கேட்டு வந்தவருக்கு பம்பாய் உயர் நீதிமன்றம் தடைக்குப் பதில் 5 லட்சம் ரூபாய் செலவுத்தொகை விதித்து அனுப்பியது.

பதிப்புரிமை மீறல் என்றால், 62ஆம் பிரிவின்படி, நீங்கள் குடியிருக்கும் ஊரின் மாவட்ட நீதிமன்றத்திலேயே, அதாவது புதுச்சேரியிலேயே, வழக்குப் போடலாம். சென்னைக்கு அலைய வேண்டாம். மேல்முறையீடு மட்டும் சென்னை உயர் நீதிமன்றம். ஆனால் பணப் பாக்கி மாதிரி ஒப்பந்தச் சண்டைக்கு, 'சென்னை நீதிமன்றங்களுக்கு மட்டும்' அல்லது 'சென்னையில் நடுவர்' என்று தாளின் கடைசிப் பக்கத்தில் ஒரு வரி இருந்தால் அதுதான் செல்லும். கடைசிப் பக்கத்தையும் படியுங்கள்.

இவ்வளவுக்கும் முன்னால் செய்ய வேண்டிய ஒன்று இருக்கிறது. புத்தகம் போட்டபோது பதிப்பகத்தோடு கையெழுத்திட்ட தாளை எடுத்துப் பாருங்கள். 'இதர அனைத்து உரிமைகளும் பதிப்பாளருக்கே' என்று அதில் இருந்தால், தயாரிப்பாளர் பேச வேண்டிய ஆள் நீங்களே இல்லை. அப்படி இருந்தால் பதிப்பகத்திடம் பட உரிமையைத் திருப்பி எழுதி வாங்கிக்கொண்டு, இரண்டு தாளையும் எடுத்துக்கொண்டு ஒரு வக்கீலிடம் போங்கள். அதற்குப் பிறகு அட்வான்ஸை வாங்கலாம்.